கரண்ட் போய் வந்தபின் சர்வர் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது: ரெய்டு 5, எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4

வெள்ளிமீன் கேட்டது:

யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து சர்வர் அப்படியே அணைந்துவிட்டது. ஷட்டவுன் சிக்னல் எதுவும் போகவில்லை. இப்போது ஆன் செய்தால் எமர்ஜென்சி மோடில் வந்து நிற்கிறது. அமைப்பு இதுதான்:

ரூட்: 240 ஜிபி எஸ்எஸ்டி, /டெவ்/எஸ்டிஏ2, இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம்.
டேட்டா: 4 டிபி டிஸ்க் நான்கு (எஸ்டிபி முதல் எஸ்டிஇ வரை), எம்டிஏடிஎம் (லினக்ஸின் மென்பொருள் ரெய்டுக் கருவி) ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பு), அதன்மேல் எல்விஎம் (இடத்தை வால்யூம்களாகப் பிரிக்கும் அடுக்கு), அதன்மேல் 8 டிபி எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். மைஎஸ்கியூஎல் 8.0-வும் பயனர் ஃபைல்களும் இதில்தான்.

திரையில் வரும் இரண்டு வரிகள்:

/டெவ்/எஸ்டிஏ2: அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி
எம்டி/ரெய்டு:எம்டி0: கேனாட் ஸ்டார்ட் டர்ட்டி டிகிரேடட் அரே

எம்டிஏடிஎம் --எக்ஸாமின் கொடுத்தால் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி மூன்றிலும் ஈவன்ட் எண் (ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ஏறும் எண்ணிக்கை) 48217. எஸ்டிஇ-யில் மட்டும் 41906. அதன் அப்டேட் டைம் மூன்று வாரம் பழையது.

பேக்கப்: மைஎஸ்கியூஎல் டம்ப் அன்று அதிகாலை 1 மணிக்கு எடுத்தது வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. பின்லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) டேட்டா வால்யூமிலேயே. பயனர் ஃபைல்களுக்கு வாராந்திர பேக்கப் மட்டும். இதுவரை எந்த ரிப்பேர் கமாண்டும் ஓட்டவில்லை. --ஃபோர்ஸ் போட்டு ரெய்டை எழுப்பிவிட்டு எஃப்எஸ்சிகே -ஒய் (ஃபைல் சிஸ்டம் பிழைகளைக் கேட்காமலே திருத்துவது) கொடுத்துவிடலாமா? வேறு வரிசை உண்டா?


அடித்தட்டு:

--ஃபோர்ஸ் போடத்தான் வேண்டிவரும், ஆனால் அசல் டிஸ்க் மேல் இல்லை. -ஒய்யை ரூட்டுக்கு வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். டேட்டாவுக்கு அது எந்தப் பயனும் தராது, எஃப்எஸ்சிகே.எக்ஸ்எஃப்எஸ் வழக்கமாக ஒன்றுமே செய்யாமல் "எல்லாம் சரி" என்று திரும்பிவரும் ஸ்கிரிப்ட்.

கீழிருந்து மேலே போங்கள்: டிஸ்க், ரெய்டு, எல்விஎம், ஃபைல் சிஸ்டம், கடைசியில் டேட்டாபேஸ். கீழ்த்தட்டு தவறாகக் கொடுக்கும் பிளாக்கை நம்பி மேல்தட்டில் ரிப்பேர் ஓட்டினால், நல்ல டைரக்டரியையும் கெட்டது என்று வெட்டி எறிந்துவிடும்.

ரெஸ்க்யூ யுஎஸ்பி ஒன்றில் பூட் செய்யுங்கள். பல ரெஸ்க்யூ சிஸ்டங்கள் ரெய்டைத் தாமாகவே எழுப்பப் பார்க்கும். /ப்ராக்/எம்டிஸ்டாட் பாருங்கள், எம்டி0 (அல்லது எம்டி127) தெரிந்தால் எம்டிஏடிஎம் --ஸ்டாப் கொடுத்து இறக்கிவிடுங்கள். பிறகு நான்கு டிஸ்க்குக்கும்:

ஸ்மார்ட்சிடிஎல் -எக்ஸ் /டெவ்/எஸ்டிபி

பார்க்க வேண்டியவை 5 (மாற்றிவைத்த கெட்ட செக்டர்), 197 (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்), 198 (திருத்த முடியாத செக்டர்), 199 (டேட்டா பரிமாற்றப் பிழை). எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி மூன்றில் எதிலாவது 197 அல்லது 198 பூஜ்யமாக இல்லை என்றால், மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அந்த டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்கில் படிக்க முடிந்ததை நகலெடுக்கும் கருவி) வைத்து அதே அளவுள்ள புது டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மேப் ஃபைல் கொடுக்காமல் டிடிரெஸ்க்யூ ஓட்டாதீர்கள். நடுவில் நின்றால் விட்ட இடத்தில் தொடர அதுதான் வழி. முதல் சுற்று -டி -என், இரண்டாம் சுற்று -டி -ஆர்3. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள், டிஸ்க் அல்ல.

மூன்றும் சுத்தமாக இருந்தால் முழு நகல் இல்லாமலும் சமாளிக்கலாம். ஓவர்லே போடுங்கள். அசல் டிஸ்க்கிலிருந்து படிக்கும், எழுதுவதெல்லாம் தனி ஃபைலுக்குப் போகும். எஸ்டிபி-க்கு இப்படி:

பிளாக்டெவ் --செட்ஆர்ஓ /டெவ்/எஸ்டிபி
ட்ரன்கேட் -எஸ் 200ஜி /எம்என்டி/வெளி/எஸ்டிபி.ஓவி
லோசெட்டப் -எஃப் --ஷோ /எம்என்டி/வெளி/எஸ்டிபி.ஓவி
பிளாக்டெவ் --கெட்எஸ்இசட் /டெவ்/எஸ்டிபி

லோசெட்டப் சொன்ன லூப் பெயரையும், கடைசிக் கமாண்ட் தந்த செக்டர் எண்ணிக்கையையும் வைத்து டிஎம்செட்டப் கிரியேட் எஸ்டிபி-ஓவி கமாண்டுக்கு இந்த ஒரு வரியைக் கொடுங்கள்:

0 <செக்டர் எண்ணிக்கை> ஸ்னாப்ஷாட் /டெவ்/எஸ்டிபி /டெவ்/லூப்0 பி 8

அந்த "பி" பெரிய எழுத்து; 8 என்பது 8 செக்டர், அதாவது 4 கேபி துண்டு. 200 ஜிபி என்று கொடுத்தாலும் அது ஸ்பார்ஸ் ஃபைல்தான், எழுதிய அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். ஆனால் ஓவர்லே நிரம்பினாலோ வெளி டிஸ்க்கில் இடம் தீர்ந்தாலோ அந்த ஸ்னாப்ஷாட் செல்லாமல் போய்விடும். எனவே வெளி டிஸ்க்கில் தாராளமாக இடம் வையுங்கள்.

எஸ்டிசி, எஸ்டிடி இரண்டுக்கும் இதையே செய்துவிட்டு:

எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஃபோர்ஸ் /டெவ்/எம்டி0 /டெவ்/மேப்பர்/எஸ்டிபி-ஓவி /டெவ்/மேப்பர்/எஸ்டிசி-ஓவி /டெவ்/மேப்பர்/எஸ்டிடி-ஓவி

எஸ்டிஇ-யைச் சேர்க்கவே கூடாது. அது மூன்று வாரம் முன்பே கழன்றுபோன டிஸ்க். அதன் பிளாக்குகள் மூன்று வாரத்துக்கு முந்தைய உலகத்தைக் காட்டும். மற்ற மூன்றோடு கலந்தால் பேரிட்டிக் கணக்கே (இல்லாத டிஸ்க்கின் டேட்டாவை மீட்க வைத்திருக்கும் கூடுதல் துண்டு) பொய்யாகிவிடும். எம்டிஏடிஎம் --கிரியேட் வைத்து "திரும்ப உருவாக்கு" என்று சொல்லும் யோசனைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். டிஸ்க் வரிசை, சங்க் அளவு, டேட்டா ஆஃப்செட் மூன்றில் ஒன்று மாறினாலும் எல்லாம் குப்பையாகும். உங்கள் டிஸ்க்குகளில் ரெய்டு சூப்பர்பிளாக் (அமைப்பு விவரம் எழுதியிருக்கும் இடம்) நன்றாகவே இருக்கிறது, --கிரியேட்டுக்கு இங்கே வேலையே இல்லை.


ஒற்றைவரி:

ரூட்டைப் பற்றி நான் சொல்கிறேன், அது எளிது.

எஸ்டிஏ முழுவதையும் முதலில் வெளி டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்துவிடுங்கள். 240 ஜிபிதானே, ஓவர்லே வித்தையெல்லாம் தேவையில்லை. பிறகு:

இ2எஃப்எஸ்சிகே -எஃப்என் /டெவ்/எஸ்டிஏ2

இது எதையும் எழுதாது. ஆனால் இது ஜர்னலையும் (பாதியில் நின்ற மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டாது. "ஸ்கிப்பிங் ஜர்னல் ரெகவரி" என்று முதலில் ஒரு எச்சரிக்கை வரும். அது வந்தால் அதற்குக் கீழே கொட்டும் பிழைகளில் பாதி ஜர்னல் ஓடினாலே மறையக்கூடியவை. அந்தப் பட்டியலின் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிஜமான ஓட்டம் இது:

இ2எஃப்எஸ்சிகே -எஃப் -சி 0 -இசட் /எம்என்டி/வெளி/எஸ்டிஏ2.அன்டூ /டெவ்/எஸ்டிஏ2

சி பெரிய எழுத்து, முன்னேற்றப் பட்டை காட்ட. -இசட் சின்ன எழுத்து; மாற்றப்படும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய நிலையையும் அன்டூ ஃபைலில் சேமிக்கும். பிடிக்கவில்லை என்றால் இ2அன்டூ கொடுத்துப் பின்வாங்கலாம். இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.43-லிருந்து இந்த வசதி இருக்கிறது, ஆனாலும் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. அன்டூ ஃபைலைச் சரிசெய்யும் அதே பார்ட்டிஷனில் வைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முழு அவுட்புட்டையும் ஸ்கிரிப்ட் கமாண்டுக்குள் ஓட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ் 1-இல் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலின் விவரப் பதிவு), 2-இல் டைரக்டரி உள்ளடக்கம், 3-இல் டைரக்டரி இணைப்பு, 4-இல் லிங்க் எண்ணிக்கை, 5-இல் பிட்மேப் (எந்த பிளாக் பயனில் இருக்கிறது என்ற குறிப்பு). பாஸ் 4, 5-இல் வரும் கேள்விகளுக்கு யோசிக்காமல் ஒய் சொல்லலாம், அவை பெரும்பாலும் கணக்குத் திருத்தம். பாஸ் 1பி என்று ஒன்று முளைத்தால் மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் தனதென்று சொல்கின்றன என்று அர்த்தம். "குளோன் மல்டிப்ளி-கிளெய்ம்ட் பிளாக்ஸ்" என்பதற்கு ஒய் சொன்னால் இரண்டுக்கும் ஆளுக்கொரு நகல் கிடைக்கும், ஆனால் உள்ளடக்கம் ஒரு ஃபைலுக்குத்தான் சரியானது. எந்த ஐநோட்கள் என்று குறித்துவைத்து, அந்த இரண்டு ஃபைல்களையும் பிறகு பேக்கப்பிலிருந்தோ பேக்கேஜிலிருந்தோ மாற்றுங்கள்.

ஃபைல் சிஸ்டத்தின் சூப்பர்பிளாக்கே படிக்கவில்லை என்றால்: 4 கேபி பிளாக் என்றால் முதல் பேக்கப் 32768-இல், அடுத்தது 98304, பிறகு 163840.

இ2எஃப்எஸ்சிகே -பி 32768 -பி 4096 /டெவ்/எஸ்டிஏ2

முதல் "பி" சின்ன எழுத்து, இரண்டாவது பெரிய எழுத்து. இடங்களைத் தெரிந்துகொள்ள எம்கேஇ2எஃப்எஸ் -என் கொடுக்கச் சொல்வார்கள். அந்த -என் விட்டுப்போனால் புது ஃபைல் சிஸ்டமே எழுதிவிடும், அதனால் டைப் செய்தபின் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

முடிந்ததும் எக்ஸிட் கோடு: 0 சுத்தம், 1 சரிசெய்தது, 2 ரீபூட் தேவை, 4 சரிசெய்யாமல் விட்டது. இவை கூட்டுத்தொகையாக வரும். 3 வந்தால் 1-உம் 2-உம். 0 வரும்வரை -எஃப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஃபைல் சிஸ்டம் சுத்தம் என்றால் ஃபைல்கள் சுத்தம் என்றாகாது. கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல்கள் 0 பைட்டாக நிற்கலாம். ரூட்டை மவுண்ட் செய்து, ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -சைஸ் 0 என்பதோடு -நியூவர்எம்டி போட்டு அன்றைய தேதியைக் கொடுங்கள். பிறகு டெபியன் வகை என்றால் டிபிகேஜி --வெரிஃபை, ரெட்ஹேட் வகை என்றால் ஆர்பிஎம் -விஏ (வி பெரிய எழுத்து, ஏ சின்ன எழுத்து). மாறியதாக வரும் ஃபைலுக்கு உரிய பேக்கேஜை ரீஇன்ஸ்டால் செய்தால் போதும். எஃப்எஸ்டேபில் (பூட்டில் மவுண்ட் ஆகவேண்டியவற்றின் பட்டியல்) டேட்டா வால்யூம் வரியைத் தற்காலிகமாகக் கமென்ட் செய்துவையுங்கள். இல்லையென்றால் ரூட் நன்றாகிவிட்டாலும் டேட்டாவைத் தேடி மறுபடி எமர்ஜென்சி மோடுக்கே போகும்.


வெள்ளிமீன்:

ரூட் சரியாகிவிட்டது, இரண்டாவது ஓட்டத்தில் எக்ஸிட் கோடு 0. பாஸ் 1பி வரவில்லை.

டேட்டா: எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி மூன்றிலும் 5, 197, 198 எல்லாம் 0. எஸ்டிஇ-யில் 197 மட்டும் 16. ஓவர்லே மேல் எம்டி0 மூன்று டிஸ்க்கோடு எழுந்துவிட்டது. விஜிசேஞ்ச் -ஏஒய் கொடுத்ததும் எல்வி-யும் தெரிகிறது. மவுண்ட் செய்தால் "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்". டிமெசேஜில் "லாக் மவுண்ட்/ரெகவரி ஃபெயில்ட்: எரர் -117". எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என் பக்கம் பக்கமாகப் பிழை காட்டுகிறது. -என் இல்லாமல் ஓட்டினால், லாகில் (எக்ஸ்எஃப்எஸ்-இன் ஜர்னல்) முக்கியமான மாற்றங்கள் இருக்கின்றன, முதலில் மவுண்ட் செய்து லாகை ஓட்டு, முடியாவிட்டால் -எல் போடு என்கிறது. மவுண்ட் ஆகாததால்தானே ரிப்பேருக்கே வருகிறேன்!


மின்மினி_ரூட்:

அதுக்குத்தான் -எல் இருக்கு. போட்டுட்டு வேலையைப் பாருங்க. லாஸ்ட்+ஃபவுண்டில் (பேரு தொலைஞ்ச ஃபைல் சேருற டைரக்டரி) நாலு ஃபைல் வரும், அவ்வளவுதான்.


அடித்தட்டு:

ஓவர்லே மேல் என்பதால் -எல் போட்டுப் பார்ப்பதில் தடையில்லை. ஆனால் "அவ்வளவுதான்" என்பதை ஏற்க மாட்டேன். லாகை அழிப்பது என்றால், அதில் இருக்கும், டிஸ்க்கில் உரிய இடத்துக்கு இன்னும் போய்ச்சேராத மெட்டாடேட்டா (ஃபைலின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்கள்) மாற்றங்கள் மொத்தத்தையும் தூக்கிப்போடுவது. பாதி போய்ச்சேர்ந்து பாதி சேராத நிலை அப்படியே உறைந்துவிடும். பிறகு ரிப்பேர் அதை ஒட்டவைக்கப் பார்க்கும். யாரும் பெரிதாக எழுதாத சர்வரில் நான்கு ஃபைலோடு போகலாம். டேட்டாபேஸ் ஓடிய வால்யூமில் புதிதாக நீட்டிய எக்ஸ்டென்ட்கள் (ஃபைலுக்கு ஒதுக்கிய பிளாக் தொடர்கள்) காணாமல் போய், ஃபைல் பழைய நீளத்திலேயே நிற்கலாம்.

முதலில் அந்த எண்ணைப் படியுங்கள். -117 என்றால் மெட்டாடேட்டாவின் அமைப்பே பொருந்தவில்லை. -74 வந்தால் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) தவறு. -5 வந்திருந்தால் டிஸ்க் படிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது ரிப்பேரை விட்டுவிட்டு டிடிரெஸ்க்யூவுக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்கு -5 இல்லை, நல்லது.

-என் காட்டும் பக்கங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். லாகைக் கணக்கில் எடுக்காமல் பார்க்கிறது, போலிப் பிழைகள் வரும் என்று அதுவே முதலில் சொல்லும்.

இப்போது -எல்லுக்கு முன் செய்யவேண்டிய ஒன்று:

மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோரெகவரி /டெவ்/டேட்டாவிஜி/டேட்டா /எம்என்டி/டேட்டா

வெறும் ஆர்ஓ போதாது. எக்ஸ்எஃப்எஸ் ஆர்ஓ மவுண்டிலும் லாகை ஓட்டவே பார்க்கும். நோரெகவரி சேர்த்தால்தான் தொடாது. (இஎக்ஸ்டி4-இல் இதே வேலைக்கு நோலோட்.) இப்படி ஏறினால் பயனர் ஃபைல்களையும் மைஎஸ்கியூஎல் டேட்டா டைரக்டரியையும் பின்லாகையும் ஆர்சிங்க் வைத்து வெளியே நகலெடுத்துவிடுங்கள். கடைசி நிமிடங்களில் மாறிய டைரக்டரிகளில் பிழை காட்டும், அதைத் தாண்டிப் போகட்டும். பேக்கப்புக்குப் பிறகு வந்த ஃபைல்களில் பெரும்பகுதி இதிலேயே கையில் வந்துவிடும்.

அதன்பின்:

எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என் -விவி -எம் 1 /டெவ்/டேட்டாவிஜி/டேட்டா

இது வேலை செய்வதற்கு அல்ல. 1 எம்பி நினைவகம் என்று வேண்டுமென்றே குறைத்துச் சொன்னால், உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டு நிற்கும். ரேம் பற்றாது என்றால் ஸ்வாப் சேர்த்துக்கொள்ளுங்கள். -பி (பெரிய எழுத்து) போட்டால் ப்ரீஃபெட்ச் நின்று வேகமும் நினைவகத் தேவையும் குறையும். அதற்குப்பிறகு:

எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -எல் /டெவ்/டேட்டாவிஜி/டேட்டா

இந்த "எல்" பெரிய எழுத்து. சின்ன எழுத்துக்கு வேறு பொருள்: வெளி லாக் டிவைஸின் பெயர். ஃபேஸ் 6-இல் "டிஸ்கனெக்டட் ஐநோட்" வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள், அதுதான் லாஸ்ட்+ஃபவுண்டுக்குப் போகும் எண்ணிக்கை. இரண்டாம் முறை -எல் இல்லாமல் ஓட்டுங்கள், சுத்தமாக வரவேண்டும்.

முடிவு பிடிக்கவில்லை என்றால் அன்மவுண்ட், விஜிசேஞ்ச் -ஏஎன், எம்டிஏடிஎம் --ஸ்டாப், டிஎம்செட்டப் ரிமூவ், லோசெட்டப் -டி என்று இறங்கி, ஓவர்லே ஃபைல்களை அழித்துப் புதிதாகப் போட்டால் கரண்ட் போன அதே கணத்துக்குத் திரும்பிவிடுவீர்கள்.


நெடுஞ்சாண்:

ஒரு விஷயம் விட்டுப்போகிறது, இந்த இழையில் அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "டர்ட்டி டிகிரேடட்" (ஒரு டிஸ்க் குறைவு, அதோடு எழுதும் வேலையும் பாதியில் நின்றது) என்று கர்னல் முரண்டுபிடித்ததற்குக் காரணம் உண்டு.

ஒரு ஸ்டிரைப்பில் மூன்று டேட்டா துண்டு, ஒரு பேரிட்டி. எஸ்டிஇ இல்லாத மூன்று வாரமும், அதில் இருக்க வேண்டிய துண்டை மற்ற இரண்டு டேட்டாவையும் பேரிட்டியையும் எக்ஸ்ஓஆர் செய்துதான் ரெய்டு காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போன கணத்தில் ஒரு ஸ்டிரைப்பில் எஸ்டிபி-யின் துண்டு புதிதாக எழுதப்பட்டு, பேரிட்டி பழையதாகவே நின்றுவிட்டால்? கணக்கிட்டு வரும் எஸ்டிஇ-யின் துண்டு குப்பை. கவனியுங்கள், அந்தத் துண்டில் அப்போது யாரும் எழுதவே இல்லை. வருடக்கணக்கில் யாரும் தொடாத ஃபைலாகக்கூட இருக்கலாம். ரைட் ஹோல் என்பது இதுதான். நான்கு டிஸ்க்கும் இருந்திருந்தால் ரீசிங்க் பேரிட்டியைத் திருத்தியிருக்கும். டிஸ்க் குறைந்த நிலையில் திருத்த ஆதாரமே இல்லை.

உங்கள் -117-க்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணமாகக் கரண்ட் போனால் எக்ஸ்எஃப்எஸ் லாக் ஓடி எழுந்துவிடும், அதற்காகத்தான் லாகே.

மெட்டாடேட்டாவில் விழுந்தால் எக்ஸ்எஃப்எஸ் சிஆர்சி காட்டிக்கொடுக்கும். ஃபைலின் உள்ளடக்கத்தில் விழுந்தால் காட்டிக்கொடுக்க யாருமில்லை, எக்ஸ்எஃப்எஸ் டேட்டாவுக்கு செக்சம் வைப்பதில்லை. ரிப்பேர் முடிந்தபின் வாராந்திர பேக்கப்போடு ஒப்பிடுங்கள்:

ஆர்சிங்க் -ஏஎன்சி -ஐ /பேக்கப்/ஃபைல்கள்/ /எம்என்டி/டேட்டா/ஃபைல்கள்/

-என் இருப்பதால் எதையும் நகலெடுக்காது, -சி இருப்பதால் ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் படித்து ஒப்பிடும், நேரம் பிடிக்கும். வரும் வரிகளின் தொடக்கக் குறியீட்டில் மூன்றாம் இடம் செக்சம், நான்காவது அளவு, ஐந்தாவது நேரம். மூன்றும் மாறியிருந்தால் யாரோ ஃபைலைத் திருத்தியிருக்கிறார்கள், இயல்பு. செக்சம் மட்டும் மாறி, அளவும் நேரமும் இருக்கும் இடத்தில் வெறும் புள்ளி என்றால், யாரும் தொடாமலே உள்ளடக்கம் மாறியிருக்கிறது. அந்த ஃபைல்களை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுங்கள். பேக்கப்புக்குப் பின் வந்த ஃபைல்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. ஜிப், பிடிஎஃப் மாதிரி தன்னையே சோதிக்கக்கூடிய வகைகளைத் திறந்து பார்ப்பதோடு சரி.


வெள்ளிமீன்:

நோரெகவரியில் ஏறியது. பயனர் ஃபைல்கள், மைஎஸ்கியூஎல் டைரக்டரி, பின்லாக் எல்லாம் வெளியே வந்துவிட்டன. இரண்டு டெம்ப் டைரக்டரியில் மட்டும் படிக்க முடியவில்லை. ஓவர்லே மேல் -எல் ஓட்டியதில் லாஸ்ட்+ஃபவுண்டில் 37. இரண்டாம் ஓட்டம் சுத்தம். ஆர்சிங்க் ஒப்பீட்டில் அந்தப் புள்ளி வகை 5 ஃபைல்கள் சிக்கின, நேரமும் அளவும் அப்படியே இருக்கின்றன. மைஎஸ்கியூஎல்-ஐ இனி எப்படி எழுப்புவது? ஃபோர்ஸ் ரெகவரி (கெட்ட டேட்டாபேஸை வலிந்து எழுப்பும் அமைப்பு) 6 வரை போகலாமா?


பட்டறை:

6 வரைக்கும் போகவே வேண்டாம். உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கு. அதிகாலை 1 மணி டம்ப்பும் அதுக்கப்புறம் உள்ள பின்லாகும் கையில இருக்கே.

டம்ப் ஃபைலோட தலைப்புல பார்த்தீங்கன்னா, எடுக்கும்போது --சோர்ஸ்-டேட்டா (பழைய பேரு --மாஸ்டர்-டேட்டா) போட்டிருந்தா பின்லாக் பேரும் பொசிஷனும் இருக்கும். புது இன்ஸ்டன்ஸ் ஒண்ணுல டம்ப்பை ஏத்துங்க. அப்புறம் பின்லாக் ஒவ்வொண்ணையும் முதல்ல சோதிங்க:

மைஎஸ்கியூஎல்பின்லாக் --வெரிஃபை-பின்லாக்-செக்சம் <ஃபைல்> > /டெவ்/நல்

8.0-ல பின்லாக் ஈவன்ட்டுக்கு சிஆர்சி32 டிஃபால்ட்டாவே இருக்கு. அதனால ரைட் ஹோல் பின்லாக்ல விழுந்திருந்தாலும் இங்க மாட்டிக்கும். எல்லாம் சரின்னா --ஸ்டார்ட்-பொசிஷன் கொடுத்து ஓட்டிவிடுங்க. பல ஃபைல் இருந்தா எல்லாத்தையும் ஒரே கமாண்ட்ல வரிசையா கொடுங்க. தனித்தனியா ஓட்டினா முதல் ஃபைல்ல உருவான டெம்பரரி டேபிள் அடுத்ததுக்குத் தெரியாது. கடைசி ஃபைல் பாதியில வெட்டுப்பட்டிருந்தா அதுக்கு முந்தின முழு டிரான்சாக்ஷனோட நிறுத்திக்கோங்க.

பழைய டேட்டா டைரக்டரியையும் வீணாக்க வேண்டாம். அதோட நகல்ல (அசல்ல இல்ல) மைஎஸ்கியூஎல்-ஐ ஃபோர்ஸ் எதுவும் இல்லாம எழுப்பிப் பாருங்க. எழுந்துட்டா உடனே சந்தோஷப்படாதீங்க. டபுள்ரைட் பஃபர் (பேஜை உரிய இடத்துல எழுதுறதுக்கு முன்ன வைக்கிற நகல்) காப்பாத்துறது அந்த நேரம் எழுதிக்கிட்டிருந்த பேஜை மட்டும்தான். நெடுஞ்சாண் சொன்ன மாதிரி சும்மா கிடந்த பேஜ் கெட்டிருந்தா, அதைப் படிக்கும்போதுதான் செக்சம் தப்புன்னு தெரியும். அதனால சர்வரை நிறுத்திட்டு ஒவ்வொரு .ஐபிடி ஃபைலுக்கும் (டேபிள் டேட்டா இருக்கிறது) இன்னோசெக்சம் (பேஜ் செக்சத்தைச் சோதிக்கிற கருவி) ஓட்டுங்க. சுத்தமா வந்தா புது இன்ஸ்டன்ஸோட முக்கியமான டேபிள்களை ஒப்பிட்டுக்கலாம்.

எழவே இல்லன்னா, இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி 1-ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துங்க, 3 வரைக்கும். 4-லிருந்து டேட்டா ஃபைலை நிரந்தரமா கெடுக்கலாம், இன்னோடிபியும் ரீட்-ஒன்லி ஆயிடும். எந்த எண்ணுல எழுந்தாலும் அதுல சர்வீஸ் நடத்தாதீங்க. டம்ப் எடுக்கவும் ஒப்பிடவும் மட்டும்.

லாஸ்ட்+ஃபவுண்டுல உள்ள 37-க்கும் ஃபைல் கமாண்ட் ஓட்டி வகையைப் பாருங்க. பேரு போயிருக்கும், ஐநோட் எண்தான் பேரா நிக்கும். ஆனா ஓனர், நேரம், அளவு மூணும் அப்படியே இருக்கும். ஓனர் மைஎஸ்கியூஎல்-ன்னா பெரும்பாலும் டெம்ப் டேபிள், விட்டுடலாம்.


அடித்தட்டு:

ஓவர்லேயில் வந்த முடிவு திருப்தி என்றால் இனி அசலுக்கு வரலாம். ஓவர்லேக்களை இறக்கிவிட்டு, பிளாக்டெவ் --செட்ஆர்டபிள்யூ கொடுத்து, அதே --அசெம்பிள் --ஃபோர்ஸ், மூன்று அசல் டிஸ்க் மட்டும். பிறகு அதே -எல்.

எஸ்டிஇ-யைத் திரும்பச் சேர்க்காதீர்கள். 197 பூஜ்யமாக இல்லாத டிஸ்க் மறுபடி கழன்றுபோகும். புது டிஸ்க் போட்டு எம்டிஏடிஎம் --ஆட். அதற்கு முன் எல்லா டேட்டாவும் வெளியே ஒரு நகல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ரீபில்ட் என்றால் மீதி மூன்று டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிப்பது. மாதக்கணக்கில் யாரும் படிக்காத மூலையில் ஒரு கெட்ட செக்டர் இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

அதே காரணத்துக்காக, ரீபில்டுக்கு முன் நான்குக்கும் ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70 கொடுங்கள். கெட்ட செக்டரோடு 7 நொடிக்கு மேல் மல்லுக்கட்டாமல் டிஸ்க் பிழையைத் திருப்பிவிடும், ரெய்டு முழுதாக இருக்கும்போது அதைப் பேரிட்டியிலிருந்து சரிசெய்துகொள்ளும் (ரீபில்ட் முடியும்வரை அந்த உதவி கிடையாது). இந்த வசதி இல்லாத டிஸ்க் என்றால் /எஸ்ஒய்எஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டைம்அவுட் என்பதில் உள்ள 30-ஐ 180 ஆக்குங்கள். இல்லையென்றால் டிஸ்க் முயன்றுகொண்டிருக்கும்போதே கர்னல் பொறுமையிழந்து அதை வெளியே தள்ளிவிடும். இரண்டு அமைப்பும் ரீபூட்டில் மறைந்துவிடும், யூடெவ் ரூலாக (டிஸ்க் தெரிந்ததும் தானாக ஓடும் விதி) போடுங்கள்.


நெடுஞ்சாண்:

ரீபில்ட் முடிந்தபின் பிபிஎல் (எழுதும் முன் பேரிட்டியின் ஒரு பகுதியைப் பதிவு செய்யும் லாக்) போட்டுக்கொள்ளலாம். டிஸ்க் குறைந்த நிலையில் கரண்ட் போனால் வரும் ரைட் ஹோலுக்காகவே ரெய்டு 5-க்கு கர்னல் 4.12-இல் வந்தது:

எம்டிஏடிஎம் --குரோ --பிட்மேப்=நன் /டெவ்/எம்டி0
எம்டிஏடிஎம் --குரோ --கன்சிஸ்டன்சி-பாலிசி=பிபிஎல் /டெவ்/எம்டி0

ரெய்டின் பிட்மேப்பும் (எந்தப் பகுதியில் எழுதினோம் என்ற குறிப்பு) பிபிஎல்லும் ஒன்றாக இருக்காது, அதனால் முதல் வரி. எழுதும் வேகம் 30 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. டேட்டாபேஸ் தாங்குமா என்று அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

வேகம் போகக்கூடாது என்றால் குறைந்தபட்சம் டிஸ்க் கழன்ற அன்றே தெரியவேண்டும். எம்டிஏடிஎம்.கான்ஃபில் மெயில்அட்ரஸ் வரி இருக்கிறதா பாருங்கள், பிறகு:

எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட்

சோதனை மெயில் இன்பாக்ஸுக்கு வந்தால்தான் அமைப்பு வேலை செய்கிறது. ஸ்பாமில் விழுந்தால் வராததற்குச் சமம்.


ஒற்றைவரி:

யுபிஎஸ்-ஐ யுஎஸ்பி-யில் கட்டி என்யுடி (யுபிஎஸ்-ஐக் கண்காணிக்கும் மென்பொருள்) போடுங்கள். டிஃபால்ட்டாக "பேட்டரி லோ" என்று யுபிஎஸ் சொன்னபின்தான் ஷட்டவுன் தொடங்கும். பழைய பேட்டரி அந்த எச்சரிக்கைக்கும் அணைவதற்கும் நடுவே போதிய நேரம் தராது. அதனால் யுபிஎஸ்ஷெட்-இல் ஆன்பேட் (பேட்டரிக்கு மாறியது) வந்ததும் 300 நொடி டைமர், ஆன்லைன் (மெயின் கரண்ட் திரும்பியது) வந்தால் ரத்து, தீர்ந்தால் யுபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி (ஷட்டவுனைத் தொடங்கும் கமாண்ட்). மைஎஸ்கியூஎல் நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுத்து ஒருமுறை அளந்து, அதற்கு மேலும் பேட்டரி மிஞ்சும்படி அந்த 300-ஐக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பவர்டவுன்ஃபிளாக் வரியையும் விடாதீர்கள். சர்வர் ஷட்டவுன் ஆகி, யுபிஎஸ் இன்னும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மெயின் கரண்ட் திரும்பினால், பயாஸுக்கு கரண்ட் போய் வந்ததே தெரியாது. "ஏசி வந்தால் ஆன்" என்று வைத்திருந்தாலும் சர்வர் அணைந்தபடியே கிடக்கும். அந்த வரி இருந்தால் ஷட்டவுனின் கடைசியில் யுபிஎஸ் தன் அவுட்புட்டை ஒருமுறை வெட்டிவிட்டுத் திரும்பக் கொடுக்கும்.